தேடலில் வந்த பெயர்

போன மாதம் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீட்டுக்கு வந்தீர்கள். எல்லாரும் பள்ளி நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்கள். "டீச்சர், பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல தகவல் தேட சொல்லிக்குடுக்கிறோம். உங்க அனுபவத்துல ஏதாச்சும் டிப்ஸ் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் முறுக்கும் தேநீரும் கொடுத்து, ஊர்வம்பு பேசி, கேட்டதை மட்டும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். கிழவிக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போயிருப்பீர்கள்.

மறக்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு நாள் ஒரு பிள்ளை, தான் தேடாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பற்றி அன்று வாயைத் திறந்திருந்தால் உங்கள் முன்னால் அழுதிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலேறி கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்புகிறவர்கள். அப்பா காலையில் பத்திரிகை படிக்கும்போது நாங்கள் இருமக்கூட மாட்டோம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளிடம்தான் பள்ளியின் புதுக் கணினி அறையைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

அந்த அறை எங்கள் தலைமையாசிரியரின் செல்லப்பிள்ளை. பள்ளியிலேயே குளிர்சாதனம் உள்ள இரண்டாவது அறை அதுதான். முதல் அறை அவருடையது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷா ஆலமிலிருந்து கல்வி இலாகா அதிகாரிகள் வந்தால் வகுப்பறைகளைக் காட்ட மாட்டார், நேராக இங்கே அழைத்து வருவார். பிள்ளைகளும் கோயிலுக்குள் நுழைவதுபோல் வெறுங்காலோடு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். அந்தப் பெட்டி எதைச் சொன்னாலும் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஒரு மாணவன் கிள்ளான் துறைமுகத்தைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்தான். கலைக்களஞ்சியக் குறுந்தட்டிலிருந்து அப்படியே இறக்கியது. எந்த அளவுக்கு அப்படியே என்றால், கடைசி வரியில் 'கப்பலின் ஒலியைக் கேட்க இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. நான் தாளில் அந்த இடத்தை அழுத்தினேன். "ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல், "கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லிச்சு டீச்சர்" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாது. யாரோ ஒரு மனுஷன் சொன்னத அது வாங்கி வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கணினி அறையின் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினேன். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினேன். ஒருவர் சொன்னதை எடுத்தால் முழுதாக எடு. உனக்குப் பிடித்த பாதியை மட்டும் வெட்டி எடுக்காதே. அந்த ஆண்டு முழுக்க அதை யாரும் அழிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் பள்ளி முழுக்க அது பரவிவிட்டது. கேன்டீனில் மீ கோரெங் முடிந்துவிட்டது என்று ஒருவன் சொன்னால், பின்னால் நிற்பவன் "யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" என்பான். என் குரலைப் போலவே பேசிக் காட்டுவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கிண்டலாகவாவது நாலு பேர் கேட்கிறார்களே என்று.

அந்த வகுப்பில்தான் ஈஸ்வரி இருந்தாள். நான்காம் படிவம். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, மலாயும் ஆங்கிலமும் பழகிக்கொண்டு மேலே வந்தவள். கிள்ளானை அடுத்த மேருவிலிருந்து பள்ளிப் பேருந்தில் வருவாள். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார் என்பது அவளுடைய பதிவில் இருந்தது. அம்மா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேச மாட்டாள். ஆனால் என் கேள்விகளை வைத்து விளையாடாமல் உண்மையாகவே பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். ஒருமுறை பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு தகவலுக்கு, "இத எழுதினவரு அங்க போயிருக்காரா டீச்சர்?" என்று கேட்டாள். வரலாற்று ஆசிரியர் என்னிடம் வந்து முறையிட்டார். நான் அவருக்கு ஒரு கோப்பை கோப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு ஒரு திட்டவேலை கொடுத்தேன். நீ குடியிருக்கும் இடத்தின் கதையைத் தேடி எழுது. கலைக்களஞ்சியத்தில் மேருவும் காப்பாரும் வராது, அதனால் காப்பியடிக்க முடியாது என்பது என் தந்திரம். அதற்கென்றே ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் பழைய செய்திகள் அடங்கிய குறுந்தட்டுகளை, தலைமையாசிரியரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வாங்கியிருந்தேன். ஊர்ப் பெயரையும் இன்னொரு சொல்லையும் கொடுத்தால் அந்த இரண்டும் வரும் செய்திகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஈஸ்வரி ஆங்கிலத்தில் 'மேரு' என்று அடித்தாள். பக்கத்தில் 'தொழிற்சாலை' என்று அடித்தாள். அவள் வீட்டைச் சுற்றி எப்போது தொழிற்சாலைகள் வந்தன என்று பார்க்கத்தான். தலைப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். நான் அறையின் மறுபக்கத்தில் வேறொரு பிள்ளைக்கு உதவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "ஏய், உன் ஐசி கார்டுல உன் பேருக்குப் பின்னால வர்ற பேருதானே லா இது? உங்க அப்பாவா?" என்று சத்தமாகக் கேட்டபோதுதான் திரும்பினேன்.

இரண்டே வரிகள். மேரு தொழிற்பேட்டையில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் நேற்று மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி முனியாண்டி என்ற தொழிலாளி இறந்தார். பாதுகாப்பு விதிகளை மதிக்காமல் அவர் கவனக்குறைவாக நடந்துகொண்டதே காரணம் என்று தொழிற்சாலையின் பேச்சாளர் கூறினார். அவ்வளவுதான். அடுத்த செய்தி ஏதோ வடிகால் பற்றியது.

வகுப்பு முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரி அழவில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழைத் திருகி இருட்டாக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குளிர்சாதனத்திலிருந்து ஏதோ வாடை வருகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, எல்லாரையும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போகச் சொன்னேன். அவளை மட்டும் புத்தகங்களுக்கு அட்டை போடும் பின்னறைக்கு அழைத்துப் போனேன். மைலோ கலக்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

"டீச்சர், அப்பா கவனமில்லாம இருந்தாரா?"

உங்களுக்குச் சொல்ல வந்ததில் முதல் விஷயம் இதுதான். அந்த நேரத்தில் நாக்கு நுனிவரை ஓர் ஆறுதல் வரும். 'அதெல்லாம் பொய்ம்மா, பேப்பர்க்காரன் எதையாவது எழுதுவான்' என்று. சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் வரும். ஆனால் எனக்கு என்ன தெரியும்? அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே என்று அதுவரை நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் பின்னே எதற்கு?

"எனக்குத் தெரியலம்மா. வேற எங்க போட்டிருக்காங்கன்னு பாப்போமா? நீ வேணாம்னா விட்டுடலாம்" என்றேன்.

மைலோவைத் தள்ளி வைத்தாள். "பாக்கலாம் டீச்சர்" என்றாள்.

அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் மட்டும் உள்ள வேலையாக ஆகிவிட்டது. மலாய்ப் பத்திரிகையின் குறுந்தட்டு வேறொரு பள்ளியில் இருந்தது. இரவல் வாங்கி வந்தேன். அதிலும் செய்தி இருந்தது. அதே பேச்சாளர், அதே கவனக்குறைவு. தமிழ்ப் பத்திரிகைகளை அப்போது யாரும் குறுந்தட்டில் ஏற்றியிருக்கவில்லை. தமிழில் அச்சானது கணினியில் தேடினால் கிடைக்காது என்று சொன்னபோது, "அப்ப நம்மளப் பத்தி கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ்லயும் மலாய்லயும் வந்தது மட்டும்தான் தெரியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

அம்மாவிடம் கேட்டாயா என்று ஒரு தடவை கேட்டேன். தலையை ஆட்டினாள். "அப்பா பேர எடுத்தாலே எழுந்து குசினிக்குப் போயிடுவாங்க டீச்சர். சட்டி பானைய உருட்டுவாங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். நான் கேக்கறத விட்டுட்டேன்." நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை, அம்மாவிடம் திட்டவேலை என்று சொல்லிவிட்டு, கிள்ளானிலிருந்து ரயிலில் கோலாலம்பூருக்கு வந்தாள். ஸ்டேஷனில் காத்திருந்து அழைத்துப் போனேன். பெரிய நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மைக்ரோஃபில்ம் படச்சுருளாக வைத்திருந்தார்கள். தேதி தெரியுமாதலால் சீக்கிரமே கிடைத்துவிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அவள் அதை மெல்லப் படித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். தமிழிலும் அதே செய்திதான். ஆங்கிலத்தில் வந்ததை யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். மனைவியையும் ஒரு மகளையும் விட்டுச் சென்றார் என்று மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது.

"இது நான்" என்று அந்த வரியைக் காட்டினாள்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "மூணு பேப்பர் டீச்சர். ஆனா பேசறது ஒரே ஆளுதான். மூணுல வந்துச்சுன்னா மூணு பேரு சொன்ன மாதிரி ஆகாதுல்ல?"

நாற்பது வயதுக்காரர்களுக்கும் எளிதில் பிடிபடாத விஷயம் அது. ஒரே வாயிலிருந்து வந்தது பத்து இடத்தில் பதிந்துவிட்டால் பத்து சாட்சி என்று நம்பிவிடுகிறோம். நான் சொல்லித்தந்ததைத் தாண்டிப் போய்விட்டாள். வேறு எந்த விஷயத்தில் இதைக் கண்டுபிடித்திருந்தாலும் அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியிருப்பேன். அன்று அவள் தோளில் கையை மட்டும் வைத்தேன்.

"அந்தப் பேச்சாளரு ஆபிஸ்ல இருந்திருப்பாரு. மெஷின்கிட்ட எப்படி நின்னாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வாய்ப்பில்ல."

"அப்பாவுக்குத்தான் தெரியும். ஆனா அப்பா இல்ல."

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு அழைத்துப் போய்த் தோசை வாங்கிக் கொடுத்தேன். பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் போகவில்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன். இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லையே டீச்சர் என்றாள். அவள் சொன்னது சரி. ஆறுதலுக்காக நான் நீட்டிய கையையும் என் பாடத்தை வைத்தே தள்ளிவிட்டாள். ரயிலேற்றிவிட்டு நான் வீட்டுக்கு நடந்தேன். இந்தப் பிள்ளைக்கு ஏன் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன் என்று அன்று உண்மையாகவே நினைத்தேன்.

அவள் திட்டவேலையை முடித்துக் கொடுத்தாள். மேருவின் ரப்பர் தோட்டங்கள், குடியிருப்பு, தொழிற்பேட்டை, பள்ளிப் பேருந்து எல்லாம் இருந்தன. அப்பா இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதோடு முடிந்துவிட்டது என்று இருவருமே நினைத்தோம்.

ரிப்போர்ட் கார்டு நாள் வந்தது. பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஈஸ்வரியின் அம்மாவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு வகுப்பிலிருந்து நேராகக் கணினி அறை வாசலுக்கு, என்னிடம் வந்தார். பின்னால் ஈஸ்வரி, முகம் வெளிறிப்போய்.

"டீச்சர், பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லிச்சு. உங்க கம்ப்யூட்டர்ல எங்க வீட்டுக்காரரு பேரு வருதாமே? ஒரு தடவ காட்டுறீங்களா?"

தலைமையாசிரியர் அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்தார். பெற்றோர் ஒருவர் கணினி அறையைக் கேட்கிறார் என்றால் அவருக்குச் சும்மா இருக்க முடியுமா? என்னவென்று மலாயில் கேட்டார். அந்த அம்மாவே உடைந்த மலாயில் சொன்னார், பத்திரிகையில் வந்த கணவர் பெயரைப் பார்க்க வேண்டும் என்று. "காட்டுங்கள் டீச்சர், காட்டுங்கள். வண்ண அச்சு இயந்திரம்கூட இருக்கிறதே, ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்" என்று அவரே கதவைத் திறந்துவிட்டார். கணவர் ஏதோ பரிசு வாங்கிய செய்தி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஈஸ்வரிதான் கணினி முன் உட்கார்ந்தாள். அந்த இரண்டு வரிகள் வந்தன. தலைமையாசிரியர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அம்மாவிடம் மலாயில் மிகவும் மெதுவாக, "உட்காருங்கள், அவசரமில்லை" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த ஒரு செயலுக்காக அவருடைய அலட்டல்களையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

"எது அவரு பேரு?"

ஈஸ்வரி காட்டினாள். அந்த அம்மா விரலால் கண்ணாடியில் அந்த இடத்தைத் தொட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "இவ்வளவு சின்னதாவா போட்டிருக்கான்" என்றார். பிறகு என்னிடம், "அப்பவே பேப்பர்ல வந்துச்சுன்னு சொன்னாங்க டீச்சர். யாரும் எடுத்து வச்சுக் குடுக்கல. ஒவ்வொரு வருஷமும் அவங்கவங்க வீட்டுல தெவசத்துக்குப் படத்த போட்டு நினைவஞ்சலி குடுக்கிறாங்க பேப்பர்ல. நமக்கு அதெல்லாம் முடியல. இத எடுத்துக் குடுங்க. பிரேம் போட்டு அவரு படத்துக்குக் கீழ மாட்டிடறேன். வர்றவங்க படிக்கட்டும்."

ஈஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் படிப்பார்கள். சாமி படத்துக்கும் அப்பா படத்துக்கும் நடுவில், கவனக்குறைவால் செத்தவர் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். மை தீர்ந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஈஸ்வரி சுட்டியைப் பிடித்து முதல் வரியை மட்டும் நீலமாக்கினாள். அதை மட்டும் அச்செடுக்க முடியும். பெயர் இருக்கும், ஊர் இருக்கும், மற்றது இருக்காது. வெட்டாதே என்று நான் எழுதிய பலகை எங்களுக்கு எதிரில்தான் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் வெட்டினால் நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அது அவளுடைய அப்பா.

அவளால் முடியவில்லை. சுட்டியை விட்டுவிட்டாள்.

"அம்மா, இதுல இன்னொரு வரி இருக்கு." ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொன்னாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அந்த அம்மா திரையிலிருந்து நிமிர்ந்தார். "யாரு சொன்னா அப்படி?" என்றார்.

"கம்பெனில ஒருத்தரு."

"அவன் அங்க இல்லையே. என்னை யாரும் கேக்கலியே. நான் கம்பெனி கேட்டுக்கு வெளியிலதானே நின்னேன். உன்னையும் கையில புடிச்சுக்கிட்டு, தூக்கிட்டு வர்ற வரைக்கும் வெயில்ல நின்னேனே. கேமராவ மாட்டிக்கிட்டு ஒருத்தன் என்னைத் தாண்டித்தான் உள்ள போனான். ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டிருந்தா என்னாம்மா சொல்லியிருப்பீங்க?"

இதைக் கேட்கத்தான் அந்தப் பிள்ளை அத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கிறாள். அங்கே எழுந்து போவதற்குக் குசினி இல்லை. நான் கதவை மூடினேன்.

"அன்னைக்குக் காலையில அவரு போக மாட்டேன்னு சொன்னாரு. அந்த மெஷின்ல வாளுக்கு மேல இருக்கிற மூடிய கழட்டிட்டானுங்க, சொன்னா வேலை வாங்குற மண்டோர் கேக்க மாட்டேங்கிறான், கிட்ட நிக்கவே பயமா இருக்குன்னு சொன்னாரு. தண்ணி போட்டவரு மாதிரி கை நடுங்கிச்சு. அவரு குடிக்க மாட்டாரு. நான்தான், வேலை போயிட்டா புள்ளய வச்சுக்கிட்டு எங்க போறது, போங்கன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். சாப்பாட்ட கட்டிக் கையில குடுத்து அனுப்பிவிட்டேன்." முந்தானை இல்லாத தொழிற்சாலைச் சட்டை. கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஈஸ்வரி நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அப்படிப் பயந்தவரு எப்படிம்மா கவனமில்லாம நிப்பாரு?" என்றாள். சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டாள். அம்மாவும் அழுதார். நானும் அழுதேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. இயந்திரங்களுக்காகப் போட்ட குளிரில் மூன்று பெண்கள் வெறுங்காலோடு அழுதுகொண்டிருந்தோம்.

அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மாதான் முதலில் பேசினார். "முழுசா அடிச்சுக் குடு. அவன் சொன்னதும் இருந்துட்டுப் போவட்டும். அவரு பேரு இருக்குல்ல, எனக்கு அது வேணும்."

அச்செடுத்துக் கொடுத்தோம். அதை வாங்கி மடிக்காமல் மார்போடு வைத்துக்கொண்டார். ஈஸ்வரி கேட்டாள், "நீங்க சொன்னத நான் எழுதவாம்மா? பேச்சாளரு சொன்னது மட்டும்தானே எங்கயும் இருக்கு. நீங்க சொன்னதும் இருக்கணும்."

"எழுது. உங்கப்பா பயந்தாரு, மூடி இல்ல, சொல்லியும் கேக்கலன்னு எழுது." வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ரொம்பச் சின்னக் குரலில், "நான் அனுப்பினதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

ஈஸ்வரி அம்மாவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்குத்தான் நீங்கள் என்னிடம் குறிப்பு கேட்டிருக்க வேண்டும். வெட்டி எழுதினால் அவள் அப்பாவின் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் அந்தப் பேச்சாளர் செய்ததைத்தான் அவளும் செய்திருப்பாள். முழுதாக எழுதினால் அம்மாவைத் தன் கையாலேயே கொண்டுபோய்ச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியிருப்பாள். யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அந்த அம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இப்ப எழுத வேணாம் ஈஸ்வரி. முழுசா எழுத முடியாதத பாதியா எழுத வேணாம். எழுதக்கூடிய நாள் வரும். உனக்குத் தெரிஞ்சிருச்சில்ல, அது போதும் இப்போதைக்கு."

அது சரியான தீர்ப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அதைவிடச் சிறப்பாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆதாரத்தைத் தேட மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கிடைத்த பிறகு பொறுத்திருக்கவும் சொல்லிக்கொடுங்கள். பொறுத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் பொறுத்திருந்த காலமெல்லாம் அந்தப் பேச்சாளரின் வாக்கு மட்டும்தான் உலகத்தில் இருந்தது. குறுந்தட்டுகள் போய் இணையம் வந்தது. அந்தச் செய்தியும் கூடவே இடம்பெயர்ந்தது. நான் அவ்வப்போது தேடிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வரிகள் வரும். வேறு ஒன்றும் வராது.

போன வருடம் ஈஸ்வரியின் அம்மா காலமானார். மேருவுக்குப் போயிருந்தேன். ஈஸ்வரி இப்போது ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். காரியமெல்லாம் முடிந்து சில நாட்கள் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், அன்னைக்கு விட்டத நீங்க எழுதுங்க. அம்மாவ இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நீ எழுதலாமேம்மா."

"என்னால முடியல டீச்சர். உக்காந்து பாத்துட்டேன். பாதியிலேயே நின்னுடுது." பிறகு சொன்னாள், "எங்க பேரெல்லாம் மாத்திக்குங்க. அப்பா பேர மட்டும் மாத்தாதீங்க."

ஆகவே ஈஸ்வரி என்பது அவளுடைய பெயர் இல்லை. முனியாண்டி என்பது அவருடைய பெயர்தான். மேருவில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மூடி கழற்றிய இயந்திரத்தைக் கண்டு பயந்தார். சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. அன்று காலை போக மாட்டேன் என்றார். வேலை போய்விடுமே என்று பயந்து அவர் மனைவி அவரை அனுப்பிவைத்தார். உடலைத் தூக்கி வரும்வரை அந்த மனைவி கேட்டுக்கு வெளியே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.